குழந்தைப் படம் எடுக்கக் காசு வாங்கலாமா? காவிரி டெல்டாவின் அமெச்சூர் போட்டோகிராபர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையை ஆசைக்கு எடுத்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் நாலு வீடு சுற்றிவிட்டால் போதும். ஐந்தாவது வீட்டிலிருந்து "எங்கள் பாப்பாவையும் எடுத்துத் தருவீர்களா, எவ்வளவு ஆகும்?" என்று அழைப்பு வந்துவிடும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊராக இருந்தாலும் கதை இதுதான். அந்த "எவ்வளவு"க்குப் பதில் சொல்வதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ஆனால் உட்காரத் தெரிந்த குழந்தையிலிருந்து தொடங்குங்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தையை மடக்கிச் சுருட்டிக் கூடையில் வைத்து எடுக்கும் வேலையை, யாரிடமாவது நேரில் நின்று கற்றுக்கொள்ளும்வரை, எவ்வளவு கொடுத்தாலும் ஏற்காதீர்கள். இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

1. கையில் இருக்கும் படங்களை வாடிக்கையாளர் கண்ணால் பாருங்கள்

ஆசைக்கு எடுப்பவர் முந்நூறு படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார். காசு கொடுப்பவரோ ஒரே காலையில் எடுத்த இருபது நல்ல படங்களைக் கேட்கிறார். ஆகவே பாராட்டு வாங்கிய படங்களை ஒதுக்கிவிட்டு, ஏதாவது ஒரு நாள் எடுத்த மொத்தத்தையும் திறந்து பாருங்கள். ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் பதினைந்தாவது தேறுகிறதா? போகஸ் கண்ணில் நிற்கிறதா, மூக்கு நுனியிலா? குழந்தை தனியாக, அம்மாவோடு, கை மட்டும், கால் மட்டும் என்று வகை இருக்கிறதா, அல்லது ஒரே சிரிப்பைப் பத்துத் தடவை எடுத்திருக்கிறீர்களா?

அடுத்து, தெரியாத குழந்தை. அக்கா மகன் சிரித்தது மாமாவைப் பார்த்து. போட்டோகிராபரைப் பார்த்து அல்ல. நண்பருக்கு நண்பர் என்ற தூரத்தில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்களுக்கு இலவசமாக எடுத்துக் கொடுங்கள். ஆனால் எல்லாமே விலைக்குச் செய்வது போல நடக்கட்டும். என்று, எத்தனை மணிக்கு, எத்தனை படம், எப்போது கைக்கு வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியில் கொடுக்க முடிந்ததா? குழந்தை ஒரு மணி நேரம் விடாமல் அழுதபோது எரிச்சல் வந்ததா? வந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. கோபுரம், நாற்றங்கால், தேர், ஆற்றுப் படித்துறை என்று டெல்டாவில் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. அவை அழுவதில்லை.

2. எந்த வயதுக் குழந்தையை ஏற்பது?

இணையத்தில் பார்க்கும் பச்சைக் குழந்தைப் படங்கள் பெரும்பாலும் பிறந்து 5 முதல் 14 நாட்களுக்குள் எடுக்கப்பட்டவை. அந்த நாட்களில் குழந்தை ஆழ்ந்து தூங்கும், உடல் எளிதில் மடங்கும் என்பதுதான் காரணம். நம் ஊரில் அதே நாட்களில் தாய் பிறந்த வீட்டில் இருப்பார், தையல் ஆறியிருக்காது, பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ புண்ணியாதானம் கழியும்வரை வெளியாளை உள்ளே விடாத வீடுகளும் உண்டு. இந்த வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தொற்று எளிதில் பற்றும் நாட்களில் முன்பின் தெரியாதவர் குழந்தையைத் தூக்காமல் இருப்பது நல்லதுதான்.

அதைவிட முக்கியமான காரணம் கழுத்து. முகவாயை இரு கைகளிலும் தாங்கித் தவளை போல் உட்கார்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம், முறையாகச் செய்பவர்களிடம் ஒரே படம் அல்ல. ஒரு படத்தில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் ஒட்டிக் கைகளை அழித்துவிடுவார்கள். இது தெரியாமல் பார்த்ததை அப்படியே செய்து பார்க்கிறவர் குழந்தையின் மூச்சோடு விளையாடுகிறார்.

பச்சைக் குழந்தைப் படம் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் வீட்டில், குழந்தையை நீங்கள் தொடவே தேவையில்லாத படங்கள் இருக்கின்றன. கொல்லைப்புறத்தில் பாட்டி கால்களை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, செம்பிலிருந்து கையில் வாங்கிய வெந்நீரை முதுகில் விடுகிறார். மற்றொரு கை மார்புக்குக் கீழே தாங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கம் விழுந்த கையும் எண்ணெய் மினுக்கும் முதுகும் ஒரே சட்டகத்தில் வந்துவிட்டால், எந்தக் கம்பளிக் குல்லாயும் அதற்கு ஈடாகாது. தண்ணீர்த் துளி உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துவந்தால் லென்ஸ் பனித்துவிடும். கால் மணி நேரம் முன்பே வெளியே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். குளிப்பாட்டிப் பால் கொடுத்த பிறகு குழந்தை நன்றாகத் தூங்கும். தூளியில் தூங்கும் படத்தை அப்போது எடுக்கலாம். சாம்பிராணிப் புகை படத்தில் அழகாகத் தெரியும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் போடச் சொல்லாதீர்கள். அந்த நுரையீரல் அதற்காகப் படைக்கப்படவில்லை.

மூன்று நான்கு மாதத்தில் குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கும். பாயில் படுத்து அதன் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்கினால் படம் கிடைக்கும், ஆனால் அந்த நிலையில் அது சில நிமிடங்களுக்கு மேல் இருக்காது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் தொடங்குகிறவருக்கு ஏற்ற காலம். உட்காரும், எழுந்து ஓடாது, சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரிக்கும். எட்டு மாதத்தை ஒட்டிப் புது முகத்தைக் கண்டால் மிரளத் தொடங்கும். அப்போது கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் அரை மணி நேரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள். குழந்தை உங்களை ஓரக்கண்ணால் அளந்து முடிக்கட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு வேலை, மொட்டைக்கு முந்தைய படம். வைத்தீஸ்வரன்கோயிலிலோ குலதெய்வக் கோயிலிலோ முடியிறக்க நாள் குறித்துவிட்டால், அந்தச் சுருட்டை முடி திரும்ப வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாள் உறுதியாக இருப்பதால் ஒத்திப்போடும் பேச்சே இருக்காது. அமெச்சூர் முதன்முதலில் காசு வாங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

3. பாதுகாப்பு: பேரம் பேசக்கூடாத இடம்

கை எட்டும் தூரத்தில் எப்போதும் வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும். அவர் வேலை குழந்தையைப் பார்ப்பது மட்டும். கைப்பேசியில் வீடியோ எடுப்பது அல்ல. கட்டில், நாற்காலி, மேசை எதன் மீதும் குழந்தையைத் தனியே உட்காரவைக்காதீர்கள். தரையும் பாயும் போதும். சீர்காழிப் பக்கம் தைக்காலில் நல்ல பிரம்புக் கூடைகள் கிடைக்கும், படத்திலும் அழகாக இருக்கும். ஆனால் குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் கூடையும் சாயும். அடியில் அரிசிப் பையையோ மணல் மூட்டையையோ வைத்து, அதன் மேல் துணி விரித்து, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே குழந்தையை வையுங்கள். விளக்கு ஸ்டாண்டின் காலிலும் மணல் மூட்டை கட்டுங்கள். தவழும் குழந்தை முதலில் பிடித்து எழ நினைப்பது அதைத்தான்.

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி நெருங்கும்போது கண்ணன் வேடத்துக்கு அழைப்புகள் வரும். ராஜகோபால சுவாமி இருக்கும் மன்னார்குடியும், வெண்ணெய்க் கண்ணனைத் தங்க ரேக்கோடு வரையும் தஞ்சாவூர் ஓவியமும் இருக்கும் மண்ணில் அந்த ஆசை எழுவது இயல்பு. வாடகை வேடங்களில் சரிகை கீறும், மயிற்பீலியில் கம்பி இருக்கும், முத்து உதிரும், உதிர்ந்தது வாய்க்குப் போகும். வேடத்தை முதலில் உங்கள் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். கிரீடத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நாள் குறியுங்கள். அரசு அட்டவணைப்படி 6, 10, 14-ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் ஊசி உண்டு. போட்ட மறுநாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் தள்ளிவிடுங்கள். உங்களுக்குச் சளி பிடித்திருந்தால் நீங்களே தேதியை மாற்றிவிடுங்கள். மாற்றத் தயங்குவீர்கள் என்றால் இந்த வேலை வேண்டாம்.

4. வெளிச்சமும் கேமராவும்

புதிய லென்ஸ் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சாதாரண டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இந்த வேலைக்குப் போதும். ஆனால் 1.8 என்று லென்ஸில் எழுதியிருப்பதற்காக அதிலேயே எடுக்காதீர்கள். அருகில் வைத்து எடுக்கும்போது ஒரு கண் தெளிவாகவும் மறு கண் கலங்கலாகவும் வரும். எஃப் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவு) 2.8 முதல் 4 வரை வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் குழந்தைக்கு ஷட்டர் 1/250, தவழ்வதற்கு 1/500, தூக்கத்தில் 1/125 போதும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-க்குப் போனால் பயப்பட ஒன்றும் இல்லை. புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது.

பழைய ஓட்டு வீடு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். திண்ணையில் காலை எட்டு மணி வாக்கில் வரும் நிழல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கைக் கடையில் வாங்க முடியாது. முற்றத்தின் ஓரமும் நன்று. நடுவில் வேண்டாம், மேலிருந்து இறங்கும் வெளிச்சம் கண்குழியில் நிழல் போடும். சிவப்புச் சிமெண்டுத் தரையாக இருந்தால் முகவாயின் அடியில் சிவப்பு ஏறும், வெள்ளைப் போர்வை விரித்தால் தீர்ந்தது. வண்ணச் சமநிலைக்கு வீட்டு வேட்டியை வெள்ளையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி கேமராவை ஏமாற்றிவிடும். ஒரு சாம்பல் அட்டை பையில் இருக்கட்டும். தூளிக்கும் இதே கதைதான். சிவப்புச் சேலைத் தூளிக்குள் குழந்தை தக்காளி நிறத்தில் தெரியும். சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ பழைய பருத்திச் சேலை ஒன்று கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டிலும் இருக்கும்.

புது அடுக்குமாடி வீடாக இருந்தால் ஜன்னல் பக்கம் போய், அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். மலிவான எல்இடி விளக்கின் கீழ் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை விழும். பிளாஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புங்கள். நேராக முகத்தில் அடித்தால் குழந்தை திடுக்கிடும், பாட்டி உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸில் பூஞ்சை ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

5. வீட்டுக்குள் நுழையும்போது

காசு தருபவர் அப்பாவாக இருக்கலாம். அனுமதி தருபவர் பெரும்பாலும் பாட்டி. "குழந்தையைப் படம் எடுத்தால் திருஷ்டி படும்" என்று அவர் சொன்னால் அறிவியல் பேசாதீர்கள். கன்னத்து மைப்பொட்டு, வசம்பு வளையல், அரைஞாண் கயிறு எல்லாம் படத்தில் இருக்கட்டும். எடிட்டிங்கில் திருஷ்டிப் பொட்டை அழித்துக் கொடுத்தால் பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவார். ராகு காலம் பார்க்கும் வீட்டில் அதைத் தவிர்த்து நேரம் கேளுங்கள், உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். மாநிறக் குழந்தையை வெளுப்பாக்கித் தர மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைச் சரியாக அமைத்தால் அந்த நிறமே படத்தில் ஒளிரும். அதைப் பார்த்த பிறகு பலர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுப்பவர்கள் வேறு இடம் போகட்டும்.

6. கணக்கு

பக்கத்து ஸ்டூடியோ என்ன வாங்குகிறது என்று கேட்டு அதில் பாதி சொல்வதுதான் அமெச்சூர்களின் வழக்கம். அவருக்கு வாடகையும் கரண்ட் பில்லும் இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு விலை உண்டு. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடலாம். 3,000 ரூபாய் வாங்குகிறீர்கள். பெட்ரோல் 150, பிரிண்டும் பிரேமும் 600. கேமராவும் லென்ஸும் 75,000 ரூபாய், ஐந்தாண்டு உழைக்கும், ஆண்டுக்கு ஐம்பது முறை எடுக்கிறீர்கள் என்று வைத்தால் ஒரு முறைக்குத் தேய்மானம் 300. மீதி 1,950. பேச்சு, பயணம், மூன்று மணி நேர வேலை, தேர்வு, எடிட்டிங், கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால், மணிக்கு 160 ரூபாய் சொச்சம் நிற்கிறது. அது போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐம்பதுக்குப் பதில் ஆண்டுக்குப் பத்து முறைதான் எடுப்பீர்கள் என்றால் தேய்மானமே 1,500 ஆகிவிடும். மணிக்கு நிற்பது 60 ரூபாய் சொச்சம்.

சொந்தக்காரர்களுக்குப் பாதி விலை வேண்டாம். பாதி விலை கொடுத்தவர் முழு உரிமையோடு குறை சொல்வார், நீங்களோ பாதி மனதோடு வேலை செய்வீர்கள். நெருங்கிய உறவு என்றால் முழுக்க இலவசம், "முதல் பிறந்தநாளுக்கு என் மொய் இந்த ஆல்பம்" என்று சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு முழு விலை. மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், மீதி முழுவதும் கோப்புகளைக் கொடுப்பதற்கு முன். "அறுவடை முடிந்ததும் தருகிறேன்" என்று சொல்பவர் பொய் சொல்வதாக இருக்காது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில்கூட சம்பா நெல் காசாக மாறத் தை, மாசி ஆகிவிடும். அதற்காக நீங்கள் ஏன் வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும்? தையில் நாள் குறித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். காதுகுத்தும் மொட்டையும் தையிலிருந்து பங்குனி வரை குவியும். மார்கழியும் ஆடியும் காலியாகக் கிடக்கும்.

7. காசு கைமாறினால் படம் யாருடையது?

இதை அறியாமல்தான் பலர் வம்பில் மாட்டுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகக் காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். இலவசமாக எடுத்தவரை படம் உங்களுடையது. காசு வாங்கியதும் பெற்றோருடையது. உங்கள் இணையப் பக்கத்தில் போட வேண்டுமென்றாலும் போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றாலும் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

வக்கீல் பத்திரம் தேவையில்லை. இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கிவிடுங்கள்: "ஞாயிறு காலை 8 முதல் 11 வரை உங்கள் வீட்டில். எடிட் செய்த 20 படங்கள், 15 நாட்களில். தொகை 3,000, அட்வான்ஸ் 1,000. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு நாள், கூடுதல் தொகை இல்லை. உங்கள் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியே பகிர மாட்டேன்." பகிர அனுமதி வேண்டுமென்றால் அதைத் தனிச் செய்தியாகக் கேளுங்கள், விலையோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆடையில்லாத படத்தை அனுமதி இருந்தாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனைக் கைப்பட்டை ஆகியவை படத்தில் தெரிந்தால் அவற்றையும் மறைத்துவிடுங்கள்.

கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒப்படைக்கும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

8. கோயிலும் பதிவும்

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையிடம் வேண்டிப் பெற்ற குழந்தையை அங்கேயே வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. பெரிய கேமராவோடு அனுமதியில்லாமல் உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் கோபுரம் தெரியும்படி வெளியே எடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை, அங்கே முக்காலி (டிரைபாட்) வைக்க முன் அனுமதி வேண்டும்.

பதிவைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வேறு வேலையில் இருந்தால், அங்கே வெளி வருமானத்துக்குத் தடை உண்டா என்று பாருங்கள்.

9. ஆம், இல்லை, பிறகு

இவ்வளவையும் பார்த்த பிறகு விருப்பமில்லை என்றால் "நான் ஆசைக்கு எடுப்பவன், காசுக்கு எடுப்பதில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்று சாக்குச் சொன்னால் அடுத்த மாதம் மீண்டும் கேட்பார்கள். பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்ற நடுவழி நல்லதாகத் தோன்றும். ஆனால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் இருக்கும், பன்னிரண்டு மணி நேரம் இலவசமாகப் போகும்.

விருப்பம் இருந்தால் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் ஏற்காமல் ஒரு தை முதல் பங்குனி வரை செய்து பாருங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய வாடிக்கையாளர் அனுப்பி வைத்தவர் எத்தனை பேர் என்பதையும் அதிலேயே குறியுங்கள். அப்படி யாருமே வரவில்லை என்றால் விலையைக் குறைப்பதில் பயனில்லை, படங்களைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கு அழைப்பவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. "அவ்வளவு சின்னக் குழந்தையைப் படுக்கவைத்து எடுக்கும் பயிற்சி எனக்கு இல்லை. பாட்டி குளிப்பாட்டும்போது தள்ளி நின்று எடுத்துத் தருகிறேன், அது வேண்டுமா பாருங்கள். பாப்பா உட்கார ஆரம்பித்ததும் ஒரு காலை முழுக்க உங்களுக்கு ஒதுக்குகிறேன், மாதத்தை இப்போதே குறித்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள்.